நடைமேடைக்கு நான்கு பேர்

ஜனவரி 12

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் உன் அத்தையும் நலம். அங்கே நீயும் அவனும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. என் காதுதான் நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டிருக்கிறது, பின்பக்கமாக. போனில் நீ பேசினால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு இவ்வளவாவது கேட்கிறதே.

விஷயத்துக்கு வருகிறேன். உள்ளறையில் ஒரு பழைய கதவை இரண்டு மரக்கால்மேல் போட்டு, புது ரயில்பாதைக்கு அடி போட்டுவிட்டேன். போன தடவை நீ பார்த்த அதே ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம்தான். சுற்றி ஒரு நீள்வட்டம், உள்ளே ஒரு கிளைப்பாதை, முன்பக்கம் ஒரு ஸ்டேஷன். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். "இது அவன் ரூமு. அவங்க ரெண்டு பேரும் வந்தா எங்க படுப்பாங்க, தண்டவாளத்து மேலயா?" என்றாள். நீங்கள் வரும் அன்று கதவைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

ரயில் பொம்மைக்காரர்களின் மாத இதழில் ஒரு செய்தி. நம் அளவு இன்ஜினுக்குள்ளேயே அடங்குகிற மாதிரி, நகம் பெரிதில் சவுண்ட் சிப் வந்துவிட்டதாம். கிளம்பும்போது முக்குமாம், மேட்டில் திணறுமாம், பிரேக் பிடித்தால் கிரீச்சிடுமாம். கூடவே ஒரு குட்டிக் கெபாசிட்டர். தண்டவாளத்தில் தூசி இருந்து கரண்ட் விட்டுப்போனாலும் ஓரிரு விநாடி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். செல்போனிலேயே ஓட்டலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் இதையெல்லாம் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். எனக்கு இன்னும் இரண்டு ஆசை பாக்கி. மனுஷன் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகிற இன்ஜின் ஒன்று. பெட்டிகளைக் கோக்கிற கொக்கி இன்னும் சின்னதாக வர வேண்டும், அது இரண்டு. இப்போது இருப்பது வண்டிக்குத் தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கிறது.

சிப் வைக்க என் கையால் ஆகாது, நடுங்குகிறது. காதுக்கருவிக்குள் மயிரிழைக் கம்பியைப் பற்றவைக்கிற உன்னால்தான் ஆகும். என் கருவியைச் சரிபண்ணத்தானே முதலில் இந்த வீட்டுக்கு வந்தாய்? சரிபண்ணிக் கொடுத்துவிட்டு என் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாய். ஆகவே இந்த வேலையை மறுக்க உனக்கு உரிமையில்லை.

அவன் கடைசியாக எப்போது பேசினான் என்று அத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். வேலை ரொம்ப அதிகமோ?

அன்புடன்,
மாமா


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். அத்தைக்கு என் அன்பு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்களா? படிக்கட்டு ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்ஜினை அனுப்புங்கள். சிப்பின் அளவை இதழில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் வையுங்கள். உள்ளே இருக்கிற எடைக்கட்டியைக் கொஞ்சம் அராவி எடுத்தால்தான் ஸ்பீக்கருக்கு இடம் கிடைக்கும். அதிகம் அராவினால் எடை குறைந்து சக்கரம் வழுக்கும். கிளினிக்கில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நோயாளிகள் வர மாட்டார்கள், அப்போது உட்கார்ந்து செய்துவிடுகிறேன்.

கூரியரை வீட்டு முகவரிக்கு வேண்டாம், கிளினிக் முகவரிக்கே அனுப்புங்கள் மாமா. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. கடிதங்களையும் அப்படியே போட்டுவிடுங்கள்.

அவருக்கு வேலைதான். அத்தையிடம் சொல்லுங்கள்.

உங்கள் காதுக்கருவிக்கு நீலத்தாள் ஒட்டிய பாட்டரி இரண்டு அட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தாளைப் பிரித்தவுடன் போடாதீர்கள், இரண்டு நிமிஷம் காற்றில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அவசரப்படுகிறீர்கள்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 16

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பாட்டரி வந்தது. இரண்டு நிமிஷத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன், திட்டாதே.

இன்ஜினை என் காலுறைக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறேன். துவைத்த காலுறைதான். சிப்பும் கூடவே இருக்கிறது.

இப்போது ஒரு முக்கியமான வேலை. ஸ்டேஷன் கட்டிடம் முடிந்துவிட்டது, நடைமேடைக்கு ஆள் வேண்டும். கடையில் விற்கிற பொம்மை மனிதர்களைப் பார்த்தால் யாருக்கோ காத்திருக்கிற மாதிரியே தெரியாது, யாரோ துரத்திவிட்ட மாதிரி நிற்பார்கள். ஆனால் இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. போட்டோ கடையில் ஒரு வட்டத் தட்டில் ஏறி நின்றால், தட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றும். அரை நிமிஷம். நாலு பக்கமும் படம் எடுத்து, நம்மையே அச்சு அசலாகப் பிசினில் வார்த்து, நாம் சொல்கிற உயரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு ஒரு சென்டிமீட்டர் போதும்.

நானும் அத்தையும் போய் வந்தோம். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துல கூட இப்படி நிக்க வெச்சுச் சுத்தலியே" என்றாள். பொம்மையிலும் பிடித்தபடியே வந்திருக்கிறாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த முறைப்புகூடத் தெரிகிறது.

நடைமேடையில் நான்கு பேர் நிற்க வேண்டும் என்பது என் திட்டம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கடை இருக்கிறது, விசாரித்துவிட்டேன், முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். தனித்தனியாக எடுக்காதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து போய், ஒரே தட்டில் ஏறி, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அவனிடம் அப்பா கேட்டார் என்று சொல். அப்பா வாழ்க்கையில் இது ஒன்றைத்தான் கேட்டார் என்று கொஞ்சம் கூட்டியே சொல்.

அன்புடன்,
மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். நீங்களும் அத்தையும் நலம்தானே?

இன்ஜின் தயார். இரண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. முதல் தடவை கம்பி ஒன்று சக்கரத்தில் உரசி, வண்டி கிளம்பினாலே ஹாரன் அடித்தது. பக்கத்து அறையில் காதுப் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் "எனக்குக் கேக்குது, எனக்குக் கேக்குது" என்று சந்தோஷப்பட்டாராம். அவருக்காவது உபயோகமாக இருந்தது. கெபாசிட்டரைக் கூரைக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். வெள்ளைத் தாள் ஒன்றைத் தண்டவாளத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தேன், நிற்காமல் தாண்டிவிட்டது.

வேகத்தை அடியோடு குறைத்து வைத்திருக்கிறேன். உங்கள் முதல் ஆசை கிட்டத்தட்ட நிறைவேறிவிடும். நடக்கிற வேகம்தான்.

பொம்மையும் இதே பெட்டியில் இருக்கிறது. நான் மட்டும்தான். அவருக்கு லீவு கிடைக்கவில்லை மாமா. அடுத்த தடவை பார்க்கலாம். தீக்குச்சிப் பெட்டிக்குள் பஞ்சில் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது மூச்சு விட்டுவிடாதீர்கள், பறந்துவிடுவேன்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? சும்மா மரியாதைக்குக் கேட்பதாக நினைத்துக்கொள்ளாதே.

பெட்டியைப் பிரித்த அன்று அத்தை சமையலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஓட்டினேன். அது கிளம்புகிற அழகை என்னவென்று சொல்வது! முக்கல் சத்தம் எனக்குக் கேட்டது. ஹாரன் கேட்கவில்லை, அந்த உச்சஸ்தாயி எல்லாம் என் காதை விட்டுப் போய்விட்டது. அத்தை கையைத் தட்டி, "அடிக்குது, அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவுப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். லேசாக அதிர்ந்தது. எனக்கு அது போதும்.

உன்னை ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழே நிறுத்தியிருக்கிறேன். கிளினிக் பை தோளில் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், இளைத்திருக்கிறாய். பிசின் இளைக்காது, ஆகவே நீதான். சாப்பிடுகிறாயா?

அவன் போன வாரம் போன் செய்தான். அத்தை சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். எனக்குத்தான் கேட்காதே, கதவை எதற்குச் சாத்த வேண்டும்? வெளியே வந்து, "நல்லா இருக்காங்களாம்" என்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் எதை வேண்டுமானாலும் எழுது. ரயில் விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அன்புடன்,
மாமா


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் சொன்னதற்காக ஒரு தோசை கூடுதலாகவே.

பாட்டரியில் ஓடுகிற இன்ஜின்களைப் பற்றி இதழில் படித்தீர்களா? தண்டவாளத்தில் கரண்டே வேண்டாம். வண்டிக்குள்ளேயே பாட்டரி, செல்போனிலிருந்து உத்தரவு. தண்டவாளம் துடைக்கிற வேலை மிச்சம். நம் அளவில் இன்னும் அரை மணி நேரம்கூட ஓடுவதில்லை என்கிறார்கள். சார்ஜ் பண்ணக்கூடிய சின்னக் காதுக்கருவி பாட்டரி ஒன்றை வைத்து முயன்று பார்க்கிறேன். சாயங்காலங்களில் நேரம் இருக்கிறது. சால்டரிங் கருவி ஒன்று சொந்தமாகவே வைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டிருக்கிறேன். அறை சின்னதுதான், ஆனால் அந்த மேஜைக்கு நல்ல வெளிச்சம்.

நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். ஜூலையில் அவருக்கு ஒரு வாரம் லீவு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். கதவைச் சுவரில் சாய்த்துவிடுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மே 21

அன்புள்ள மருமகளம்மாவுக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

ஜூலையில் இரண்டு பேரும் வருகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பொய்யை எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உன் கையெழுத்திலேயே தெரிகிறது. இனி நீ எனக்காக அதைச் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் அவன் வந்திருந்தான். தனியாக வந்தான், ஒரே ஒரு பகல் இருந்தான். போன நவம்பரிலேயே இரண்டு பேரும் பிரிந்துவிட்டதாகவும், வீட்டைக் காலி செய்துவிட்டு நீ ஒரு அறைக்குப் போய்விட்டதாகவும் என்னிடம் மட்டும் சொன்னான். காரணம் கேட்டேன். "ஒத்து வரலப்பா" என்றான். இரண்டே வார்த்தை. அதைக்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். உதடு பார்த்துத்தான் எனக்குப் புரியும் என்று அவனுக்குத் தெரியும். மறுபடி என் பக்கம் திரும்பிச் சொல்ல வைத்தேன்.

ஆமாம், பிப்ரவரி பதினாறாம் தேதி உனக்கு எழுதும்போது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டு பேரும் ஒரே தட்டில் நில்லுங்கள் என்று கேட்டேன். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறியவர்கள்கூட, நான் கதவைத் திறக்கும்போது ஏதாவது பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். நகர இடமில்லை என்றால் மனுஷன் வாயைத் திறந்துவிடுகிறான். அரை நிமிஷம் ஒட்டி நின்றால் உங்களுக்கும் ஏதாவது ஆகாதா என்று ஒரு நப்பாசை. கிழவன் புத்தி. அந்தத் தட்டில் உன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன். அதற்கு என்னைத் திட்டு.

அத்தையிடம் நான் இதையெல்லாம் பேசவில்லை. அவள் எனக்குத் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறாள், நானும் அப்படியே. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
மாமா


ஜூன் 14

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் நின்றபடியே படித்தேன். பிறகு அன்றைக்கு யாருக்கும் கருவி மாட்ட முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் தனியாக நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை அவருக்கு அனுப்பி வைத்தேன். மார்ச் எட்டாம் தேதி அவர் அந்தப் போட்டோ கடைக்கு வந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். கடைக்காரருக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்? "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க சார், நடுவுல இடம் விட்டா சரியா வராது" என்றார். உங்கள் மகன் நகர்ந்து வந்து நின்றார். என் பையின் வார் முறுக்கிக்கொண்டிருந்தது, அதை நேராக்கிவிட்டார். தட்டு சுற்ற ஆரம்பித்தது. நீங்கள் நினைத்தது சரிதான் மாமா. நகர இடமில்லை என்றால் வாய் திறந்துவிடுகிறது.

"நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கேன். உங்கப்பா ஆசைப்பட்டாரு, அதான் கூப்பிட்டேன்."

"தெரியும். அதனாலதான் வந்தேன். உன்கிட்ட நேர்ல ஒண்ணு சொல்லணும்னும் இருந்துச்சு."

தட்டு நின்றபின், கடை வாசலில் வைத்துச் சொன்னார். கத்தவில்லை, குறை சொல்லவில்லை. அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. என்ன சொன்னார் என்பதை அவரே உங்களிடம் சொல்வார். அதை நான் சொல்லக் கூடாது. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இரண்டு பேரும் சேர்ந்த பொம்மை என்னிடம்தான் இருக்கிறது. பிரித்துப் பார்க்கலாம் என்று கத்தியை எடுத்தேன். தோளும் தோளும் ஒட்டி வந்திருக்கிறது, உடைந்துவிடும். அதனால் மறுநாள் மறுபடி போய்த் தனியாக நின்றேன். அதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். கடைக்காரர், "நேத்து வாங்கிட்டுப் போனது நல்லா வரலியா மேடம்?" என்றார். "வரலை" என்றேன்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது மாமா, போன வாரம். இனி உங்களை மாமா என்று கூப்பிடலாமா? வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக யோசித்தேன், அதனால்தான் இந்தக் கடிதமும் தாமதம்.

பாட்டரி வண்டி பதினெட்டு நிமிஷம் ஓடியது.

இப்படிக்கு,
நான்தான்


ஆகஸ்ட் 3

அம்மாடி,

நல்லா இருக்கியா? அத்தை எழுதறேன். எழுதிப் பழக்கமில்ல, தப்பிருந்தா பொறுத்துக்க. நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

நீ எழுதின கடுதாசியப் படிச்சுட்டு அவர் ஒரு நாள் பூரா தண்டவாளத்தத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் எங்கிட்ட வந்து, "அவ மாமான்னு கூப்பிடலாமான்னு கேக்குறாடி" அப்படின்னு சொல்லிட்டு அழுதுட்டாரு. நாப்பது வருசத்துல நான் அதப் பாத்ததில்ல. உனக்குப் பதில் எழுதணும்னு பேப்பர எடுக்கறாரு, வெக்கறாரு. இன்னும் எழுதி முடிக்கல.

இவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். இவன்கூட இருக்கற அந்தப் பொண்ணு, அக்டோபர்ல குழந்தை, எல்லாம். மார்ச்சுலயே உனக்குத் தெரியும், ஆனா நீ எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் பெத்தவன் செஞ்சதுக்கு நீ வாயக் கட்டிக்கிட்டு இருந்திருக்க.

இப்ப அந்தப் பொண்ணு இங்க வந்திருக்கா. அவளுக்கு அம்மா இல்ல. பேறுகாலம் இங்கதான். உள்ளறையக் குடுத்திருக்கோம். நல்ல மாதிரிதான் தெரியுது. நான் பொய் சொல்லல, கெட்டவளா இருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

அம்மாடி, தப்பா நெனச்சுக்காத. தினமும் பதினோரு மணிக்கு அவர் கேட்டுக்குப் போயிடறாரு, தபால் வருதான்னு. அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்னு பாக்குறா. ஒண்ணும் கேக்கல. ஆனா சாப்பிட மாட்டேங்குறா. வயித்துப் புள்ளக்காரி. இவன் எங்கிட்ட வந்து, "அம்மா, இது எப்பத்தான் முடியும்?" அப்படின்னு கேக்குறான். நான் என்ன சொல்ல? அவர்கிட்ட எழுதாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்கிட்டதான் கேக்க முடியுது. உனக்குத்தான் புரியும்.

நீ நிறுத்திட்டா அவர் கொஞ்ச நாள் தவிப்பாரு, அப்புறம் பழகிடுவாரு. குழந்தை வந்துட்டா மாறிடுவாரு. இதக் கேக்கறதுக்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்ல. கேக்கறேன்.

உடம்பப் பாத்துக்க. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

அத்தை


செப்டம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். அத்தையும் நீங்களும் மற்ற எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கிளினிக்கில் ஆள் குறைந்துவிட்டது. எனக்கு வேலை கூடிவிட்டது. இனி முன்போல எழுத முடியாது மாமா. நேரம் கிடைக்காது. நீங்களும் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், வெயிலில் கேட்டில் நிற்க வேண்டாம்.

அதனால் தேவையானதையெல்லாம் இதிலேயே எழுதிவிடுகிறேன். இன்ஜின் நின்றுபோனால் முதலில் சக்கரத்தைத் துடையுங்கள், சிப்பைச் சந்தேகப்படாதீர்கள். செல்போனில் வண்டி எண் மூன்று. சத்தம் வேண்டாம் என்றால் எட்டாவது பொத்தான். வீட்டில் யாராவது தூங்கும்போது அதை அழுத்திவிட்டு ஓட்டுங்கள். மாதம் ஒரு முறை அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், ஊசி முனையால். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு.

காதுக்கருவியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் உங்கள் அளவுகளை எல்லாம் அனுப்பிவிட்டேன். நல்ல பொறுமைசாலி. பாட்டரி ஒரு வருஷத்துக்கு ஆகிற மாதிரி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

குழந்தை இருக்கிற வீட்டில் கருவியைக் கழற்றாதீர்கள். அழுவது கேட்க வேண்டும்.

மாமா என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால்.

அன்புடன்,
நான்


நவம்பர் 19

அன்பு மகளுக்கு,

மகள் என்று எழுதுவதா, மருமகள் என்று எழுதுவதா என்று ஜூனிலிருந்து தடுமாறி, உனக்கு ஒரு பதில்கூட எழுதாமல் விட்டுவிட்டேன். நாலைந்து தடவை தொடங்கினேன். அதற்குள் உன் செப்டம்பர் கடிதம் வந்துவிட்டது. வேலை கூடிவிட்டது என்பதை நம்பி, கோபித்துக்கொண்டேன். பெண்ணுக்கு மனசு மாறிவிட்டது என்று அத்தையிடம் புலம்பினேன். அதுவரை பொறுத்தவள் அதைப் பொறுக்கவில்லை. "அவ மாறல. நான்தான் எழுதாதேன்னு சொன்னேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு முகவரியில் நீ அவளுக்கு அனுப்பிய கார்டையும் எடுத்துக் காட்டினாள். 'சரி அத்தை' என்று எழுதியிருந்தாய். அவ்வளவுதான். அதை அவள் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

அவளைக் கோபிக்க எனக்கு வரவில்லை. யாரைக் கோபிப்பது என்றே தெரியவில்லை அம்மா. எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

பெண் குழந்தை. அக்டோபர் இருபத்தொன்று. தாயும் சேயும் நலம். நீ கேட்டிருப்பாய் என்று சொல்கிறேன். வந்திருக்கிற பெண் என்னிடம் பேசும்போது எதிரே வந்து நின்று, நிதானமாக, உதடு தெரியும்படி பேசுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வீட்டில் இதற்கு முன்னால் நீ ஒருத்திதான் அப்படிப் பேசியவள். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. இதை உனக்கு எழுதும்போது ஏதோ திருடின மாதிரி இருக்கிறது.

உள்ளறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டதால் கதவை அறுத்துப் பாதியாக்கி, கூடத்து மூலைக்குக் கொண்டுவந்தேன். நீள்வட்டம் போய்விட்டது. ஸ்டேஷனும், அதற்கு வந்து திரும்பிப் போகிற ஒரு நேர்ப்பாதையும் மிஞ்சின. குழந்தைக்காகச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒன்று செய்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தப் பெண் முதல் தடவையாகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். குழந்தை மடியில் இருந்தது. அவனும் இருந்தான், அத்தையும் இருந்தாள். வண்டியை ஓட்டிக் காட்டினேன். ரொம்ப ரசித்தாள். குனிந்து நடைமேடையைப் பார்த்து, "இது நீங்கதானே மாமா? சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது அத்தை!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு கடிகாரத்துக்குக் கீழே விரலை வைத்து, "இது யாரு மாமா?" என்று கேட்டாள்.

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. அவள் உன் படத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவன் தரையைப் பார்த்தான். அத்தை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு தெரிகிற மாதிரி இன்னொரு தடவை கேட்டாள், எனக்குக் கேட்கவில்லையோ என்று.

"தெரியலம்மா. கடையில வாங்கினப்ப பெட்டியில வந்த பொம்மை" என்றேன்.

"அழகா இருக்காங்க" என்றாள். லேசாகச் சாய்ந்திருந்தாய் போலிருக்கிறது, நகத்தால் நிமிர்த்தி வைத்தாள். அப்புறம் எல்லோரும் டீ குடித்தோம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் மருமகள் என்று சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்த பெண் என்றாவது சொல்லியிருக்கலாம். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பால் கொடுக்கிறவள் மனசு சங்கடப்படக் கூடாது என்று நினைத்தேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாள் முழுக்கக்கூட அது தாங்கவில்லை. அவன் பிறகு என்னிடம் வந்து, "தேங்க்ஸ்ப்பா" என்றான். அதுதான் ரொம்ப வலித்தது.

நீ எனக்காக எத்தனை பொய் சொன்னாய். எல்லாம் எங்களைக் காப்பாற்றச் சொன்னவை. நான் சொன்ன ஒன்று, உன்னை இல்லையென்று ஆக்கிவிட்டது.

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் எழுதினேன். இதற்குப் பதில் போடாதே. அத்தைக்கு நீ சொன்ன சொல்லை மீற வேண்டாம். போட்டால் நான் மறுபடி எழுதுவேன், நிறுத்த மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். மன்னித்தாயா இல்லையா என்று தெரியாமலே இருந்துவிடுகிறேன். எனக்கு அது வேண்டியதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு யாராவது வந்தால், தயங்காமல் அவனோடு போ. நாங்கள் என்ன நினைப்போமோ என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே.

இப்படிக்கு,
என்றும் உன் மாமா